மூக்கைத் தாழ்த்தி நிறுத்திய வேன்

“ஐயோ பாஸ், ரத்தமாட்டம் ஓடுதே!” என்று வேன்காரர் ராஜு கத்தியபோது நான் அவருடைய வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். ஓடியது ஆட்டோ கியர் பொக்ஸின் சிவப்பு ஆயில். நான் கழற்றிய கூலர் லைனிலிருந்து என் நெஞ்சில் கொட்டி, கராஜ் வாசல் சரிவில் இறங்கி, ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் மனைவி செல்வி கட்டுநாயக்கா ஏர்போட்டில் வந்து இறங்குகிறாள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் நாலு வருடம். கிடைத்தது ஒரு மாத லீவு. அவளைக் கூட்டி வரத்தான் அந்த வேன். ரேடியேட்டர் ஒழுகுது, மாற்றிக் கொடுத்தால் விடியக் கிளம்பிவிடலாம் என்று ராஜு சொல்லியிருந்தார்.

எனக்கு ஹட்டனில் இருபத்தாறு வருடமாக இதே மெக்கானிக் வேலை. என்ன தவறு செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும். எங்கள் மலையில் எந்த வண்டியையும் மூக்கைப் பள்ளத்துப் பக்கம் வைத்துத்தான் நிறுத்துவோம். பேட்டரி மக்கர் பண்ணினால் சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுத்துவிட்டு, உருட்டி, ரெண்டாம் கியரில் ஸ்டார்ட் செய்யலாம் அல்லவா? ஆட்டோ கியர் வண்டியை உருட்டி ஸ்டார்ட் செய்யவே முடியாது. அது தெரிந்தும் பழைய பழக்கத்தில் கை அப்படியே நிறுத்திவிட்டது. கியர் பொக்ஸ் ஆயில் ரெண்டு லைன் வழியாகப் போய் ஆறி வரும் கூலர், ரேடியேட்டரின் அடியில் இருக்கிறது. மூக்கு தாழ்ந்தால் கியர் பொக்ஸ் மேலே, லைன் கீழே. அப்புறம் ஆயில் நிற்குமா? அதுவும் ரெண்டு லைனையும் ஒன்றாகக் கழற்றி வைத்திருந்தேன். செல்வி வரும் சந்தோஷத்தில் என் மண்டை வேலை செய்யவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விரலால் பொத்திக்கொண்டு, “துணி குடுங்க!” என்று கத்தினேன். ராஜு நீட்டியதும் நானே வேண்டாம் என்றேன். துணியின் நூல் உள்ளே போனால் வால்வு அடைத்துக்கொள்ளும். கடைசியில் சுத்தமான ஹோஸ் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு லைனின் வாயை அடுத்த லைனின் வாயோடு சேர்த்து மாட்டினேன். நின்றது. முதலிலேயே செய்திருக்க வேண்டியது இதுதான். அதற்குள் ஒன்றரை லீட்டர் போயிருக்கும்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடினேன். முதலாளி வேறொரு ரக ஆயில் போத்தலை எடுத்து வைத்தார்.

“இதுவும் செவப்புதான் பாஸ். ஊத்துங்க, ஒண்ணும் ஆகாது.”

“அந்தப் பொக்ஸுக்கு இது ஆகாதுங்க. கினிகத்தேனை ஏத்தத்துல திரும்பி வரையில கியர் ஸ்லிப் ஆனா?”

“அப்ப அந்த ஆயில் கொழும்புலருந்துதான் வரணும். மொத பஸ்ல போட்டுவிடச் சொல்றேன்.”

கையில் எடுத்த போத்தலைத் திருப்பி வைக்க எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? ஆனால் வரும்போது அந்த வேனில் அவள் இருப்பாள்.

ராத்திரியே புது ரேடியேட்டரை மாட்டிவிட்டேன்; ஆனால் ஆயில் மறுநாள் முதல் பஸ்ஸில் வரவில்லை. ரெண்டாவதிலும் இல்லை. பதினொரு மணிக்கு யாரோ ஒருவருடைய போனிலிருந்து செல்வி பேசினாள்.

“எங்க நிக்கிறீங்க? நான் வாசலுக்கு வந்துட்டேன்.”

இன்னும் ஹட்டனில்தான் நிற்கிறேன் என்று சொன்னேன்.

“சரி, மெதுவா வாங்க. நாலு வருசம் இருந்தவ, இன்னும் நாலு மணித்தியாலம் இருக்க மாட்டேனா?”

ரெண்டு மணி பஸ்ஸில்தான் டின் வந்தது. ஊற்றி, சமமான இடம் தேடிக் கோயில் வாசலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு அளவு பார்த்துக் கிளம்பினோம். போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். என் கையைப் பிடித்து, நகக்கண்ணில் இருந்த சிவப்பைப் பார்த்தாள்.

“கழுவிட்டாவது வந்திருக்கலாம்ல,” என்றாள். கையை மட்டும் கினிகத்தேனை தாண்டும் வரை விடவில்லை.

அவள் திரும்பிப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அடுத்த லீவு எப்போது என்று குவைத் வீட்டு மேடம் இன்னும் சொல்லவில்லையாம்.

ஆகவே, தம்பிமாரே, கூலர் லைனில் ஸ்பேனர் வைக்கும் முன் வண்டியின் மூக்கை ஜாக் போட்டுத் தூக்குங்கள். ஜொயின்டைச் சுற்றி மண்ணைத் துடையுங்கள். அடியில் தட்டு வையுங்கள். லைனை ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய கையோடு மூடுங்கள். தட்டில் விழுந்ததை அளந்து, அதே அளவு ஊற்றுங்கள். கொட்டிய ஆயிலுக்கு அடுத்த நாள் வேறு டின் வந்தது. பதினொரு மணியிலிருந்து இருட்டும் வரை அவள் அந்த வாசலில் தனியாக உட்கார்ந்திருந்த பகல் எனக்குத் திரும்பி வரவில்லை.