எஸ்தரின் பென்சில் எண்

எஸ்தர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது மாமல்லபுரம் பக்கம் ஒரு குப்பத்தில் கண் முகாமில் இருந்தேன். நம் மருத்துவமனையின் வாட்ஸாப் குழுவில் கும்பிட்ட கைகள் வரிசைகட்டின. எரிச்சலாக இருந்தது. உயிரோடு இருந்தபோது அவர் சொன்னதற்கு நம்மில் யார் காது கொடுத்தோம்?

மதுராந்தகத்திலிருந்து தினமும் ரயிலில் செங்கல்பட்டு வந்து, கண்புரை அறுவைக்கு முன் கண்ணை அளந்தவர் அவர். கண்ணுக்குள் வைக்க வேண்டிய லென்ஸுக்கு இயந்திரம் சொல்லும் எண்ணுக்குப் பக்கத்தில், தனக்குச் சரியென்று பட்டதைப் பென்சிலால் அழுத்தி எழுதுவார். பேனா டாக்டர்களுக்கு மட்டும். கோப்பு ஆவண அறைக்குப் போகும்முன் பென்சிலை அழித்துவிட வேண்டும். நாம் வைத்த வழக்கம்தானே.

கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்களின் கண் நீளமானது. உள்ளே வைக்கும் லென்ஸ் எங்கே போய் உட்காரும் என்ற இயந்திரத்தின் கணக்கு அங்கே அடிக்கடி பிசகும். “பெரிய வூடு டாக்டர். கட்டில எங்க போடுவாங்கன்னு வாசல்ல நின்னுகினே சொல்ல முடியுமா?” என்பார்.

சிங்கப்பெருமாள் கோயில் தையற்காரர் ஒருவருக்கு இயந்திரம் ஐந்து என்றது. எஸ்தர் பத்து என்று எழுதியிருந்தார். “கண்ணாடிய கழட்டிட்டு கிட்ட வெச்சி ஊசி கோக்குறவரு டாக்டர். அந்தக் கிட்டப்பார்வைய கொஞ்சம் வுட்டு வைங்க.” கண்ணாடியே இல்லாமல் அனுப்புகிறேன் பார் என்ற மிதப்பில் ஐந்தையே வைத்தேன்.

ஒரு வாரத்தில் தையற்காரர் திரும்பி வந்தார். “தூரமும் புரில, கிட்டயும் புரில. ஊசி எங்க கீதுன்னே தெரில. இன்னா சார் பண்ண?” அவருடைய நீளக் கண்ணில் இயந்திரத்தின் கணக்கு பிசகியிருந்தது; ஐந்து போதவில்லை.

நிர்வாகம் விளக்கம் கேட்டது. அன்று அந்தப் பத்தை நானே அழித்தேன். கதவருகே எஸ்தர் நின்றிருந்தார். “பேப்பர் கிழிஞ்சிடப் போவுது டாக்டர். மெதுவா அழிங்க” என்றார். அவ்வளவுதான். விளக்கத்தில் ‘அளவில் பிழை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அளந்த எஸ்தரை டோக்கன் கொடுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். கடைசிவரை அங்கேதான் இருந்தார். தினமும் எனக்கு வணக்கம் சொன்னார். அதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

நேற்று ஆவண அறையில் அந்தத் தாளைத் தேடி எடுத்துவந்தேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால், அழித்த இடத்தில் பத்து இன்னும் தெரிகிறது.

அவரை அறிந்த உங்களுக்கு இப்போது பேனாவால் எழுதுகிறேன்: அளவில் பிழை இல்லை.