ஆடிட்டுக்குச் சொல்கிற பதில்

பாத்ரூமில் புது சோப்பு இருந்தால் அன்றைக்குக் கம்பெனிக்கு யாரோ வருகிறார்கள் என்று அர்த்தம். எங்கள் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற எல்லாப் பெண்களுக்கும் இது தெரியும். பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் கம்பெனியைச் சோதிக்க அனுப்பும் ஆடிட் ஆட்கள் வருகிற நாளில்தான் சோப்பு வரும், கை துடைக்கத் துணி வரும், வாயில் கட்ட மாஸ்க் வரும். செக்கிங் டேபிளுக்கு ஒன்று என்று ஆணியில் தொங்கும், பாத்ரூம் போகிறவள் எடுத்துக்கொண்டு போக வேண்டிய டோக்கன் அன்றைக்கு மட்டும் காணாமல் போகும்.

ஆடிட் ஆட்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஆபீஸில் இருக்கிற பெண் முந்தைய நாளே வந்து சொல்லிக் கொடுத்துவிடுவாள். வேலை எட்டு மணி நேரம். பாத்ரூமுக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். யாரும் திட்டுவதில்லை. உடம்புக்கு ஒன்றும் பிரச்சனை இல்லை. பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் எங்கள் வாய் தானாகப் பதில் சொல்லிவிடும்.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சோப்பைப் பார்த்ததும் எனக்கு மற்ற நாள்களைவிட அதிகமாகவே படபடத்தது. அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. எட்டு மாதமாக எனக்கு மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் இருந்தது. ஒரு மாதம் வராது. அடுத்த மாதம் வந்தால் பத்து நாள், பன்னிரண்டு நாள் நிற்காது. அந்தச் செவ்வாய்க்கிழமை பதினாறாவது நாள். காலையிலிருந்து ராத்திரி எட்டரை வரை நின்றுகொண்டே பனியன் பீஸ் பார்க்கிற வேலை. கறுப்பு, அரக்கு நிறப் பாவாடையைத் தவிர வேறு கட்டுவதை விட்டுவிட்டேன். டோக்கனை அடிக்கடி எடுத்தால் கண்ணில் படும். அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, டோக்கன் எடுக்கிற நேரங்களை இதற்கென்று மிச்சம் பிடித்தேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு எதையும் வாய் திறந்து சொல்கிற பழக்கம் சின்ன வயதிலிருந்தே கிடையாது. தென்காசிப் பக்கம் இருந்து இருபது வருஷத்துக்கு முன்னால் பிழைப்புக்காக இந்த மண்ணரைக்கு வந்தோம். வீட்டுக்காரர் சாயப்பட்டறைக்குப் போகிறார். நாங்கள் இருப்பது ஒரே வரிசையில் ஆறு வீடு, அதற்குப் பொதுவாக இரண்டு கக்கூஸ். அங்கே இதை மறைப்பது கம்பெனியில் மறைப்பதைவிடக் கஷ்டம்.

டேபிளில் எனக்கு எதிரே நின்று பீஸ் பார்ப்பவள் ஒருத்தி மட்டும் கண்டுபிடித்துவிட்டாள். பல்லடம் பக்கத்து ஊர்க்காரி, என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். நிற்கப் போகிற வயசில் இப்படித்தான் இருக்கும், தன் பெரியம்மாவுக்கும் ஒரு வருஷம் இப்படிப் போய்த் தானாக நின்றுவிட்டது என்று ஆறுதல் சொன்னாள். ஆனால் எங்கள் டேபிளிலேயே முன்பு வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. புற்றுநோய் என்று கர்ப்பப்பையை எடுத்தார்கள். எடுத்த பிறகும் அவள் திரும்ப வரவில்லை. அவள் நின்ற இடத்தில்தான் நான் இப்போது நிற்கிறேன். இது வயசா, அந்த வியாதியா என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்துகொள்ளவும் பயம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது இரண்டு பெண்கள். ஒருவர் கண்ணாடி போட்ட டாக்டரம்மா, இன்னொருத்தி காகிதக் கட்டு தூக்கிக்கொண்டு வந்த சின்னப் பெண். மத்தியானம் சாப்பாட்டு ஹாலில் எங்களை உட்கார வைத்துப் பேசினார்கள். மெடிக்கல் காலேஜில் இருந்து வருகிறோம், வேலை செய்கிற பெண்களின் மாதவிலக்கு, குழந்தைப்பேறு, மாதவிலக்கு நிற்கிற காலம் இதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறோம், பேர் எழுத மாட்டோம், நம்பர் மட்டும்தான் என்றார் டாக்டரம்மா. தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் கண் ஹால் வாசலில் நின்ற சூப்பர்வைசர் மேல் இருந்தது. பாத்ரூமில் சோப்பு இருந்தது. டோக்கன் ஆணியில் இல்லை. எங்களுக்கு அதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

வரிசையாகப் போய்ப் பதில் சொன்னோம். எனக்கு முன்னால் நின்ற பல்லடத்துக்காரியிடம் அந்தச் சின்னப் பெண், மாதவிலக்கு வந்தால் எவ்வளவு நேரம், எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டாள்.

“எட்டு மணி நேரந்தானுங்க மேடம்” என்றாள் இவள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பின்னால் நின்றவர்கள் மாஸ்க்குக்குள் சிரித்தார்கள். மூணு நாளுங்க என்று மாற்றிச் சொன்னாள். அதற்குப் பிறகு போன எல்லோருமே மூணு நாள் என்றார்கள். மாதாமாதம் சரியாக வருமா, வரும். வலி உண்டா, இல்லை. கரு கலைந்திருக்கிறதா, இல்லை. என் முறை வந்தது. நானும் மூணு நாள் என்றேன். பிரச்சனை இல்லை என்றேன். அந்த நேரத்தில் எனக்கு முதுகு விட்டுப்போய் வலித்தது, நாற்காலியை விட்டு எழுந்தால் கறை தெரியுமோ என்ற நினைப்பில் இருந்தேன். அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்தாள். ஒரு நம்பர் எழுதிய சீட்டைக் கொடுத்து, பத்திரமாக வையுங்கள் என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் எழுந்து நின்றேன். சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். என்ன தேடுகிறாய் என்று வீட்டுக்காரர் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். எத்தனை மாதமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு டாக்டர் என்னிடம் வந்து தானாகக் கேட்டால் சொல்லிவிடலாம் என்று. கேட்டார்கள். பேர்கூட வேண்டாம் என்றார்கள். நான் ஆடிட் பதிலைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் வேலை என்னவென்றால், தைத்து வருகிற பனியனை விரித்துப் பார்த்து, அழுக்கோ ஓட்டையோ தையல் விட்டதோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டிச் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இந்த ஸ்டிக்கர் எங்கள் கையிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். எட்டு மாதமாக அதை நான் வீட்டுக் காலண்டரில் ஒட்டி வந்தேன். உதிரம் பட்ட நாளுக்கு ஓர் அம்பு. அதிகம் பட்ட நாளுக்கு இரண்டு. அது பால் வாங்கின கணக்கு என்று வீட்டுக்காரர் நினைத்திருந்தார். சில மாதங்களில் தேதியே தெரியாமல் சிவப்பாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் சோப்பு வந்தது. மறுபடியும் அந்த இரண்டு பேர்தான். இந்தத் தடவை டாக்டரம்மா வந்ததும் பேச ஆரம்பிக்கவில்லை. காகிதங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, இந்தக் கம்பெனியில் எல்லாருக்கும் மூன்றே நாள், யாருக்கும் வலி இல்லை, நான் இத்தனை வருஷத்தில் இப்படி ஓர் இடத்தைப் பார்த்ததில்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எங்கே தப்பாகக் கேட்டேன் என்று எங்களைத்தான் கேட்டார்.

பல்லடத்துக்காரி மெதுவாகக் கேட்டாள்.

“ஏனுங்க மேடம், நீங்க எந்த பையருக்குங்க பார்க்கறீங்க?”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் வாசலில் நின்ற சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து ஆபீஸுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். அவர் எந்த பையருக்கும் ஆள் இல்லை என்றும், சொல்வது எதுவும் ஆபீஸுக்குப் போகாது என்றும், அட்டைப்பெட்டிகள் வைத்திருக்கிற ரூமில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பேன் என்றும் சொன்னார். விருப்பம் உள்ளவர்கள் ஒவ்வொருவராக வரலாம். வராவிட்டாலும் பரவாயில்லை.

நாங்கள் டேபிளுக்குத் திரும்பினோம். ஒருத்தியும் போகவில்லை. முதலில் போகிறவளுக்கு என்னமோ இருக்கிறது என்று லைன் முழுக்கத் தெரிந்துவிடும் அல்லவா? மூன்று மணி ஆனது. மூன்றரை ஆனது. என் கையில் இருந்த பீஸை நான் எத்தனை தடவை திருப்பிப் பார்த்தேன் என்று தெரியாது. எதிரே இருந்தவள் சொன்னாள்:

“அந்த பீஸு பாவமுங்க்கா. உட்ருங்க.”

அன்றைக்கு வந்தவர்கள் ஆடிட் இல்லை என்று தெரிந்ததுமே சூப்பர்வைசர் டோக்கனை மறுபடியும் ஆணியில் மாட்டிவிட்டிருந்தார். நான் அதை எடுத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பாத்ரூம் பக்கமாகவே நடந்தேன். கதவு வரைக்கும் போய், அங்கிருந்து பேக்கிங் நடக்கிற இடத்தின் பின்பக்கமாகச் சுற்றி அந்த ரூமுக்குப் போனேன்.

உள்ளே பெட்டிகளுக்கு நடுவில் இரண்டு ஸ்டூல். நான் சீட்டை நீட்டினேன். போன தடவை சொன்னது தப்பு, அதைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். அவர் சீட்டை வாங்கினார், ஆனால் காகிதத்தைத் தேடவில்லை.

“இப்ப பட்டுக்கிட்டிருக்கா?” என்றார்.

“ஆமா மேடம்.”

“எத்தனை நாளா?”

கையில் இருந்த டோக்கனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன், காலண்டர் வீட்டில் இருக்கிறது, அதில் ஒட்டி வைத்திருக்கிறேன் என்று. எதை ஒட்டி என்று கேட்டார். என் ரவிக்கைக் கையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதை எடுத்துக் காட்டினேன்.

அவர் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நிற்கிற வயசு நெருங்குவதால்கூட இருக்கலாம், ஆனால் பார்க்காமல் அப்படிச் சொல்லக் கூடாது, நாளை மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வா, காலண்டரையும் எடுத்து வா என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

டேபிளுக்கு வந்து டோக்கனை மாட்டினேன். பாத்ரூமில் அவ்வளவு கூட்டமா என்று எதிரே இருந்தவள் கேட்டாள். இல்லை, அந்த ரூமுக்குத்தான் போய் வந்தேன் என்றேன். அப்படி யாரிடமும் நேராகச் சொன்னதில்லை நான். அவள் நான்கைந்து பீஸ் பார்த்தாள். பிறகு ஆணியில் இருந்து டோக்கனை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு தடவை கரு கலைந்தது என்பதை அதற்குப் பிறகுதான் என்னிடம் சொன்னாள். எத்தனையோ வருஷம் எதிரெதிரே நின்றிருக்கிறோம்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். உடம்பில் ரத்தம் பாதிதான் இருக்கிறது என்றார்கள். கர்ப்பப்பையின் உள் சவ்வு தடித்திருக்கிறது, கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். டாக்டரம்மா காலண்டரை ஒவ்வொரு மாதமாகத் திருப்பினார். கூட இருந்த சின்னப் பெண் போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பக்கத்தில் குறித்திருக்கிற காஸ் சிலிண்டர் தேதியை விட்டுவிடுங்கள் என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

முடிவு வர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் நான் பஸ்ஸில் நின்றேதான் போனேன். வீட்டுக்காரரிடம் அப்போதுதான் சொன்னேன். அவர் எழுந்து போய்க் காலண்டரைப் பார்த்தார், வெகு நேரம் பார்த்தார். பால் நான்தானே வாங்குகிறேன், எனக்கு ஏன் தோன்றவில்லை என்றார்.

ஒன்பதாம் நாள் டாக்டரம்மா சொன்னார், அந்த வியாதி இல்லை. கர்ப்பப்பையை எடுக்கவும் வேண்டாம். ஆனால் இப்படியே விட்டால் அப்படி மாறக்கூடும், ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு மறுபடியும் சவ்வை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். சரி என்றேன். முதல் தடவை எழுதின காகிதம் என்ன ஆனது என்று கேட்டேன். எங்கள் கம்பெனிக் காகிதம் அத்தனையையும் தனியாகக் கட்டி வைத்துவிட்டு முதலிலிருந்து கேட்கப் போவதாகச் சொன்னார். இந்தத் தடவை கம்பெனிக்குள் இல்லை, மண்ணரையில், ஞாயிற்றுக்கிழமையில்.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்து இது ஐந்தாவது மாதம். உதிரம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அடுத்த மாதம் என்ன சொல்வார்கள் என்று தெரியாது. இந்த வருஷக் காலண்டரை வீட்டுக்காரர்தான் ஆணி அடித்து மாட்டினார், என் கைக்கு எட்டுகிற உயரத்தில். நேற்று ஓர் அம்பு ஒட்டினேன். இன்றைக்கு இன்னும் ஒட்டவில்லை.