பாக்கியம் அக்காவின் சிரிக்கிற ஷாட்

பாக்கியம் அக்கா போய்விட்டார். இன்று காலை, கோச்சடையில் அவர் வீட்டில்... தூக்கத்திலேயே.

பழைய பேய்ப் படம் ஒன்றில் தலைமுடி சொட்டச் சொட்டக் கிணற்றடியில் நிற்பாரே, அவரேதான். அந்தப் படத்தின் ப்ரீக்வலைத்தான், அதாவது அந்தப் பேயின் முன்கதையைத்தான், இப்போது எடுக்கிறோம். நான் அதில் அசோசியேட் டைரக்டர். அவசரமாக எழுதுகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடிக்கக் கேட்கப் போனபோது அக்கா ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஏன் தம்பி, பேய் ஏன் பேயாச்சுன்னு சொல்லிப்புட்டா அப்புறம் எவன் பயப்படுவான்? ஐயோ பாவம்னுல்ல அழுவாய்ங்க."

அந்தப் பழைய படத்தின் ரீமேக் வந்தபோது அக்காவைத் தியேட்டருக்குக் கூட்டிப் போயிருந்தேன். "என்னப்பா, இந்தப் பேய்க்கு எம்புட்டு நகை! கல்யாண வீட்டுக்குல்ல கிளம்பி வருது" என்றார் சத்தமாக. முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

பிறகு எங்கள் கதையைச் சொன்னேன். நாற்பதுகள், யுத்தகால மதுரை. பேயாகப் போகிற பெண்ணின் அம்மா வேடம் அவருக்கு.

"அவளுக்கும் ஒரு ஆத்தா இருந்திருப்பாள்ல... இம்புட்டு வருசமா எனக்கே தோணலையே. வாரேன் தம்பி."

நேற்று அவனியாபுரம் பக்கம் ஒரு பழைய வீட்டில் அந்த அம்மா சாகிற சீன். மாலை போட்டுக் கிடத்தி எடுத்தோம்.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவரை உடனே எழுப்பி, கேமராவைப் பார்த்துச் சிரிக்கவைத்து ஒரு ஷாட் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஆகாது என்பார்கள். நேற்று 'கட்' சொன்ன கையோடு ஜெனரேட்டர் நின்றுவிட்டது. மழை வேறு. நாளைக்கு முதல் ஷாட்டாக எடுத்துக்கொள்ளலாம் என்றார் டைரக்டர்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கார்வரைக்கும் பின்னாலேயே ஓடினேன். செல்போனிலாவது ஒன்று எடுத்துக்கொள்கிறேன் அக்கா என்றேன்.

"அட போப்பா... பேய்க்கே பயங்காட்டுறியாக்கும்? நாளைக்கு வந்து நல்லாச் சிரிக்கிறேன்."

கார் கிளம்பிவிட்டது.

யூனிட் குரூப்பில் காலையிலிருந்து இதே பேச்சு. படத்தை நிறுத்து என்கிறார் ஒருவர். யூடியூப்பில் அதற்குள் 'ப்ரீக்வல் சாபம்' என்று போட்டுவிட்டார்கள், படுபாவிகள். அந்தப் படத்தைத் தொட்டிருக்கவே கூடாதோ... எனக்குத் தெரியவில்லை.

சற்றுமுன் அக்காவின் மகள் போன் பண்ணினாள்.

"அண்ணே, பிளெக்ஸ் அடிக்கக் குடுக்கணும். வீட்ல இருக்க போட்டோ அம்புட்டும் பேய் மேக்கப்புதான். சாவு சீன் எடுத்தா கடைசியில சிரிக்கச் சொல்லி எடுப்பாங்கள்ல... நேத்து எடுத்தது இருக்கும்ல? அத அனுப்புங்கண்ணே, போதும்."

நேரில் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கோச்சடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்... போயிட்டு வாங்க அக்கா.