ஊசிக்கு வைத்த பொட்டு

எங்கள் மாமாவுக்கு முப்பத்திரண்டு வயது வரை கல்யாணம் ஆகாமல் போனதற்குக் காரணம் ஜாதகமில்லை, ஒரு பாட்டுப் பெட்டி. அம்மாவின் தம்பியான அவர் றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பெக்டரி எலக்ட்ரீஷியன். தோட்டம் கம்பெனிக்குக் கைமாறிய வருடம், ஊருக்குக் கிளம்பிய பெரிய துரை பங்களாச் சாமான்களை விற்றார். மற்றவர்கள் அலுமாரியும் கட்டிலும் வாங்க, மாமா மட்டும் ஒரு ரெக்கார்டு ப்ளேயரையும், கண்ணாடிக் குழல்கள் சிவந்து எரியும் ஒரு அம்ப்ளிபயரையும் தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்பீக்கருக்குப் பலா மரத்தில் இரண்டு பெட்டிகளைச் சிங்களத் தச்சு பாஸ் ஒருவர் செய்து கொடுத்தார். ஒவ்வொன்றும் என் உயரம். பெண் கொடுக்க வந்த இரண்டு குடும்பங்கள், "சம்பளத்தையெல்லாம் பொட்டியில போடுறவன் பொண்டாட்டிக்கு என்னத்தப் போடுவான்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டன.

மாமா எங்களோடுதான் இருந்தார். லயத்து வீட்டு முன்னறையில் பாதி அந்தப் பெட்டிகளுக்கு, மீதியில் நாங்கள். ப்ளேயர் அசையக் கூடாது என்று அம்மாவின் அம்மிக்கல்லைத் தூக்கி அதன் கீழே போட்டுவிட்டார். அம்மா ஒரு மாதம் பக்கத்து வீட்டில் மிளகாய் அரைத்தார். பாட்டு ஓடும்போது யாரும் நடக்கக் கூடாது. நடந்தால் ஊசி துள்ளும். அடுப்படிக்குள் கோழி புகுந்தால்கூட எழுந்து விரட்ட முடியாது.

"மூச்சு விடலாமா, இல்ல அதுக்கும் ஒன் தம்பிகிட்ட கேக்கணுமா?" என்பார் அப்பா.

ஆனால் அந்தச் சத்தம் இருக்கிறதே! பாடுகிறவர் வரியைத் தொடங்குமுன் இழுக்கும் மூச்சுக்கூடக் கேட்கும். ரேடியோவில் பாடுகிறவர்கள் மூச்சே விடமாட்டார்கள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதாக, நிவித்திகலைப் பக்கமிருந்து ஒரு வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஆயுத பூசை அன்று பெக்டரி ஓடாது என்பதால் அன்று பின்னேரம் வரச் சொன்னோம். இதுவும் தட்டிப்போனால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று அம்மா அழுதே விட்டார். அந்தப் பெட்டிகளை ஒரு நாளைக்காவது வேறெங்கேயாவது வைத்துத் தொலை என்று கெஞ்சினார். மாமா ஒப்பவில்லை.

"மறைச்சு வச்சுக் கட்டிக்கிட்டா அந்தப் புள்ள வந்து ஏமாந்துருமேக்கா. வந்து கேக்கட்டும். புடிச்சா குடுக்கட்டும்."

அன்று காலை பெக்டரியில் சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு மாமாவின் பின்னால் நடந்தவள் நான்தான். எனக்கு ஒன்பது வயது. ரோலர், மோட்டர், லொறி, எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மாமா குளிக்கப் போனார். நான் யோசித்தேன். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கு அலகில்தானே பொட்டு வைக்கிறோம்? இந்தப் பெட்டியில் வேலை செய்வது எது? ஊசி. சந்தனத்தை நன்றாகக் குழைத்து ஊசிக்கு ஒரு பொட்டு வைத்து, கும்பிட்டும் கொண்டேன்.

பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். அவர் பெரிய மீசைக்காரர். தேத்தண்ணியில் சூடு போதாதென்று மனைவியைப் பார்த்து முறைத்தார். எங்கள் வீட்டுத் தேத்தண்ணிக்கு அந்த அம்மா என்ன செய்வார், பாவம்! மாமா புதுச் சட்டையில் வந்து, ரெக்கார்டின் ஓரத்தை மட்டும் பிடித்து ப்ளேயரில் வைத்து, ஊசியை இறக்கினார். எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி ஒரு சத்தம். பிறகு ஊசி வழுக்கிக்கொண்டே போய் நடுவில் முட்டி நின்றது.

மாமா குனிந்து ஊசியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் விரலில் இன்னும் சந்தனம். அப்பாவுக்கும் விளங்கிவிட்டது.

"சனியனே, இன்னைக்கா ஒனக்கு வெளையாட்டு?" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் ஒதுங்குமுன், நாற்காலியில் இருந்த அந்த அம்மா தோளைக் குறுக்கித் தலையைத் தாழ்த்திக்கொண்டார். அடி எனக்குத்தானே வருகிறது, இவருக்கு என்ன என்று அந்தப் பயத்திலும் நினைத்தேன்.

மாமா குறுக்கே வந்து அப்பாவின் கையைப் பிடித்தார். "விடுங்க மச்சான். பாப்பா பூசைதானே பண்ணியிருக்கு. நாம மோட்டருக்கு வச்சோம், அது இதுக்கு வச்சிருச்சு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார், முகம் மட்டும் வெளுத்திருந்தது. பிறகு ஒரு மெல்லிய தூரிகையும் ஸ்பிரிட்டும் எடுத்து வந்து, தரையில் சம்மணமிட்டு ஊசியைத் துடைக்க ஆரம்பித்தார். காய்ந்த சந்தனம் லேசில் போகுமா? மீசைக்காரர் இரண்டு தரம் மணி பார்த்தார்.

நான் அடுப்படிக்குள் ஓடிப் போய் நின்று அழுதேன். மாமாவின் கல்யாணத்தைக் கெடுத்தவள் நான்தான். தண்ணீர் குடிக்க வருகிறவர் போல அந்த அம்மா உள்ளே வந்தார்.

"நாங்க போனப்பறம் ஒங்க மாமா ஒன்னய அடிப்பாராம்மா?"

"அவரா? ரெக்கார்டையே ஓரத்துலதான் புடிப்பாரு," என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"குடிச்சிட்டு வந்தா?"

"குடிச்சா கை நடுங்குமாம், ஊசிய வைக்க முடியாதாம். குடிக்கவே மாட்டாரு."

அவர் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு நேரே முன்னறைக்குப் போனார். அதுவரை சபையில் வாய் திறக்காதவர், கணவரின் பக்கம் திரும்பாமலே, "தட்ட மாத்திக்கலாங்க" என்றார். மீசைக்காரர் திகைத்துப் போய் அவரைப் பார்த்தார். மாமா கையில் தூரிகையோடு நிமிர்ந்தார். ஊசியில் இன்னும் பாதிச் சந்தனம் இருந்தது.

எனக்கோ கோபம் கோபமாக வந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் பாடுகிறவர் இழுக்கும் அந்த மூச்சைக் கேட்டிருக்கலாமே! ஒரு வரிகூடக் கேட்காமல் பெண் கொடுக்கிறாரே, இந்த அம்மாவுக்குப் பாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று முடிவு கட்டினேன்.