நாற்பது அளவுச் சட்டை

பட்டமளிப்பு விழாவுக்கென்று வாங்கிய கால்சட்டை, போட்டுப் பார்த்தபோது குதிகாலைத் தாண்டித் தரையைக் கூட்டியது. எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டம் அது. தரையைக் கூட்டிக்கொண்டே போய் அதை வாங்க எனக்கு மனமில்லை. நான் தங்கியிருந்த அறையிலிருந்து நாலு வீடு தள்ளி, ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டிருந்த ஒரு முன்னறைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். தையல்கார அக்காவை அப்படித்தான் தெரியவந்தது.

என்னை நிற்கவைத்து டேப்பைத் தொங்கவிட்டாள். எத்தனை இஞ்ச் என்று நான் குனிந்து பார்த்தேன்.

"நேரா பாருங்க தம்பி. குனிஞ்சா அளவு மாறிடும். பட்டம் வாங்கப்போறவரு நிமிர்ந்துதானே நிக்கணும்?"

அப்புறம் உள்ளறைப் பக்கம் திரும்பி, "நாற்பது, அந்தப் பெரிய கத்தரியைக் கொண்டாங்க" என்றாள். வாட்டசாட்டமான ஒருவர் கத்தரியோடு வந்தார். அதன் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "காகிதம் வெட்டினியா இதுல?" என்று கேட்டார். அவள் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தாள். வெட்டியிருக்கிறாள் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

அவர் அவள் கணவர். தெருத்தெருவாகப் போய்த் தையல் மிஷின் பழுது பார்ப்பவர். சட்டைப்பையில் எப்போதும் எண்ணெய்க் குப்பி இருக்கும். அது கசியும் என்பதால் அவர் சட்டைகளுக்கு மட்டும் அவள் பைக்கு இரட்டைத் துணி வைத்துத் தைப்பாள். ஊருக்கு அவர் மிஷின்காரர், அவளுக்கு நாற்பது. கல்யாணத்துக்கு அவருக்குச் சட்டை தைத்தவளே அவள்தான்; மார்புச் சுற்றளவு நாற்பது வந்தது. அன்று ஒட்டிய பெயர் அது.

அவளுக்கு எல்லோரும் அளவுதான். எதையும் எழுதிவைக்கிற பழக்கம் கிடையாது. ஆள் பெயர் மறக்கும், தோள் அகலம் மறக்காது. "முப்பத்திரண்டு வந்து ரவிக்கையை வாங்கிட்டுப் போயிட்டாளா?" என்று கேட்பாள். யாரென்று அவருக்கும் புரிந்துவிடும். பிள்ளை இல்லாத வீடு. அந்தக் குறையை இருவரும் பேச்சாலும் கிண்டலாலும் நிரப்பிவைத்திருந்தார்கள். நானும் சாயங்காலங்களில் அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன். அவள் என்னைப் 'பட்டதாரி' என்று கூப்பிட்டதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அந்த வருடம் மழை விட்ட சமயம், மிஷின்காரர் ஒரு கால்சட்டையை அவள் மடியில் போட்டார். "இடுப்புல நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் பிடிச்சுக் கொடு."

அவளும் பின்தையலைப் பிரித்து, அரை இஞ்ச் உள்ளே தள்ளித் தைத்துக் கொடுத்தாள். ஒரு தையல்காரிக்கு அது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி வேலை. கை தானாகச் செய்துவிடும், மனம் வேறெங்கோ இருக்கும். சில வாரம் கழித்துச் சட்டைகள் வந்தன. தோள் இறங்குகிறதாம். பக்கத் தையலைப் பிடித்தாள், தோளை ஏற்றிவைத்தாள், கழுத்துப்பட்டியையும் சுருக்கினாள். அவர் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது சட்டை உடம்பில் வார்த்த மாதிரி இருந்தது. அவள் கைவேலை அப்படி.

பிறகுதான் ஒருநாள் புதுச் சட்டைத் துணிக்காக அவரை நிற்கவைத்து மார்பைச் சுற்றி டேப்பை இழுத்தாள். முப்பத்தேழு வந்தது. மறுபடி வைத்தாள். அதே முப்பத்தேழு.

"என்னங்க, மூணு இஞ்ச் எங்க போச்சு?"

அவர் சிரித்தார். டேப்பை அவள் கையிலிருந்து வாங்கி, தன் தகரப் பெட்டியில் இருந்த இரும்பு ஸ்கேலை எடுத்துப் பலகைமேல் வைத்து, டேப்பைப் பக்கத்தில் நீட்டினார். டேப் நீண்டுதான் போயிருந்தது. டேப்பின் பன்னிரண்டாம் இஞ்ச் கோடு ஸ்கேலின் பன்னிரண்டைத் தாண்டி நின்றது. வருடக்கணக்காகக் கழுத்தில் தொங்கி, இழுபட்டு, வியர்வை குடித்த டேப். நீண்டுபோன டேப் உடம்பைக் குறைத்துத்தான் காட்டும். அளவெடுப்பதும் அதே டேப், வெட்டுவதும் அதே டேப் என்பதால் இத்தனை காலம் எந்தத் துணியும் தப்பாகவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

"பார்த்தியா? இளைச்சது நான் இல்ல, கூடினது உன் டேப்பு" என்றார். மறுநாளே புது டேப் ஒன்றும் வாங்கிவந்து கொடுத்தார். ஆனால் அதை வைத்து அளக்க மட்டும் நிற்கவில்லை. வேலை இருக்கிறது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவளுக்கு அன்று முழுக்க நிம்மதி. அடுத்த நாள் பாதி வேலை ஓடியபிறகு, சும்மா இருந்த கை பழைய டேப்பை எடுத்துத் தன் இடுப்பைச் சுற்றிப் பார்த்தது. எப்போதும் வருகிற அளவு அப்படியே வந்தது. ரவிக்கை அளவைப் பார்த்தாள், அதுவும் மாறவில்லை. டேப் இழுத்தது உண்மைதான். ஆனால் என்றோ இழுத்தது. இழுத்த பிறகும் அவரை நாற்பது என்று சொன்னது அதே டேப்தான்.

அன்றிலிருந்து மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு தைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள், பசி ஏன் இல்லை என்றாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏன் உட்காருகிறீர்கள் என்றாள். கல்லில் நார் உரிக்கலாம், அவரை நகர்த்த முடியாது. அவர் தொழிலில் ஒரு வேதம் இருந்தது. மிஷினைத் துடை, ஊசிக்கு அடியில் ஷட்டிலில் சேருகிற பஞ்சை எடு, சொட்டு எண்ணெய் விடு, ஊசி மழுங்கினால் மாற்று. ஆனால் ஓடிக்கொண்டிருப்பதைத் திருகு கழற்றாதே. எந்த வீட்டுக்குப் போனாலும் இதைச் சொல்லாமல் வரமாட்டார். அதையே அவளுக்கும் சொன்னார்.

"ஓடுற மிஷினை எவனாவது கழட்டுவானா? கழட்டினா திரும்ப அதே மாதிரி சேராது. விடு."

அவள் ஒரு வழி யோசித்தாள். வெளியூரில் இருந்த கொழுந்தனை வரச்சொன்னாள். தம்பி சொன்னால் அண்ணன் கேட்பார் என்று நம்பிக்கை. அவன் வந்த நாளில் நானும் இருந்தேன். மிஷின்காரர் அவள் பிடித்துக் கொடுத்த நீலச் சட்டையில், முழுக்கையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டு, கம்பீரமாக வந்து உட்கார்ந்தார். தம்பி மேலும் கீழும் பார்த்தான்.

"அண்ணி, நான் என்னமோன்னு பயந்து ஓடி வந்தேன். அண்ணன் மாப்பிள்ளை மாதிரி இருக்காரு. சட்டை தோள்ல உட்கார்ந்திருக்கிற அழகைப் பாருங்க. இளைச்ச ஆளுக்கு இப்படி நிக்குமா?"

"அது நான் பிடிச்சது" என்றாள் அவள்.

"நீங்க பிடிச்சா என்ன, பிடிக்காட்டி என்ன? ஆளு நல்லாத்தானே இருக்காரு. சும்மா வீட்டிலேயே உட்கார்ந்து மனசைப் போட்டுக் குழப்பிக்கிறீங்க."

அண்ணனும் தம்பியும் சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். எனக்கும் சட்டைதான் கண்ணில் பட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அவள் மறைக்க நினைக்கவே இல்லை. அவளுடைய ஊசி அவளைக் கேட்காமல் மறைத்திருந்தது. கொழுந்தன் சாயங்கால வண்டிக்கே கிளம்பிப் போனான்.

மறுநாள் காலை நான் அந்தப் பக்கம் போனபோது மிஷின் ஓடவில்லை. தரையில் அவருடைய சட்டைகள் குவிந்து கிடந்தன. அவள் சவர பிளேடால் ஒவ்வொரு தையலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். தோள், பக்கம், கழுத்துப்பட்டி, கால்சட்டையின் பின்தையல் எதையும் விடவில்லை. வெட்டுப்பட்ட நூல் துணுக்குகள் புடவையெல்லாம் ஒட்டியிருந்தன.

"என்னக்கா இது?"

"பட்டதாரி, நான் பேசினா யாரும் கேட்கலை. துணி பேசட்டும்."

பிரித்த இடங்களைப் பழைய கோட்டிலேயே, நாற்பதுக்கே, திரும்பத் தைத்துத் தேய்த்து மாட்டிவைத்தாள். அவர் ஒன்றை எடுத்துப் போட்டார். தோள் முழங்கைப் பக்கம் வழிந்தது. கழுத்துப்பட்டிக்குள் ஒரு கை போகும் இடம். வேறொன்றை எடுத்தார், அதுவும் அப்படியே. அவர் அவளைப் பார்த்தார். அவள் பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அதே சட்டையோடு பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தெரு சும்மா விடுமா? டீக்கடைக்காரர் யாரோட சட்டை என்று கேட்டார். மிஷின் பழுதுக்குக் கூப்பிட்ட வீட்டம்மா உடம்புக்கு என்ன என்று கேட்டு, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். நடுவழியில் ஒருவர் அவரை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். பெட்டியை வைத்துவிட்டு, "சரி, எங்க போகணும்னு சொல்றியோ போவோம்" என்றார். அவள் ஜெயித்துவிட்டாள். ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும், தோற்றிருக்கலாமே என்று இருந்தது அவளுக்கு.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் கட்டி, ஈரல்வரை பரவியிருந்தது. டாக்டர் பொறுமையான மனிதர். என்னையும் கூட நிற்கவைத்துக்கொண்டு விளக்கினார். அறுக்க முடியாத இடம் என்றார், வலிக்கு மருந்து கொடுக்கலாம் என்றார். படித்தவன் என்று என்னை அழைத்துப் போயிருந்தாள். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

கடைசியாக டாக்டர், திட்டுவதுபோல் இல்லாமல், எல்லோரிடமும் கேட்பதைப்போல்தான் கேட்டார்: "இவ்வளவு எடை குறைஞ்சிருக்கு. துணியெல்லாம் தொளதொளன்னு ஆகியிருக்குமேம்மா. கவனிக்கலையா?"

கழுத்தில் வழக்கமாக டேப் தொங்கும் இடத்தை அவள் கை தேடியது. அன்று டேப் இல்லை. வெறும் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்காக மிஷின்காரர்தான் பதில் சொன்னார். "தொளதொளன்னு ஆகவே இல்ல டாக்டர். என் வீட்டுக்காரி நல்லா தைப்பா."

இப்போது அவர் உள்ளறைக் கட்டிலில் இருக்கிறார். மிஷினை ஜன்னலிலிருந்து எடுத்துக் கட்டிலோரம் போட்டாயிற்று; வெளிச்சம் போதவில்லை, விளக்கு வைத்துக்கொள்கிறாள். சத்தத்தை வைத்தே அவர், ஷட்டிலில் பஞ்சு சேர்ந்துவிட்டது என்பார். அவள் நிறுத்திவிட்டு எடுப்பாள், எண்ணெய் விடுவாள், எண்ணெய்க் கறை போகக் கழிவுத்துணியில் நாலு தையல் ஓட்டிவிட்டு வேலையைத் தொடர்வாள். கொழுந்தன் வாரம் தவறாமல் வந்து அண்ணன் காலடியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறான். நாற்பது அளவுச் சட்டைகள் உள்ளேதான் தொங்குகின்றன. அவரைப் புரட்டாமல் போட்டுவிட வசதியாக, முதுகில் நாடா வைத்துக் கட்டும் மெல்லிய சட்டைகள் தைத்துவைத்திருக்கிறாள். அவற்றுக்கு அளவு எடுக்க வேண்டியதில்லை.