கம்பி வழியே வந்த பெயர்

இப்போது தேயிலை ஏறிவிட்ட மலையெல்லாம் அப்போது காப்பி. நான் கண்டித் தந்திக் கந்தோரில், அதாவது தந்தி ஆபீசில், கிளாக்கர். தந்தி என்றால் இங்கிலீசில்தான் என்பது கந்தோர் வழக்கம். ஆனால் மத்தியானத்தில் கம்பி சும்மா கிடக்கும்போது, நானும் மன்னார்க் கந்தோரில் இருந்த யாழ்ப்பாணத்தாரும் இங்கிலீசு எழுத்துகளில் தமிழைத் தட்டி அரட்டை அடிப்போம். எங்கள் துரைக்கு அது வெறும் டக்டக். அதை நினைத்தே பாதி நாள் சிரித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் ஹேவாஹெட்டவிலிருந்து வந்த காப்பி மூட்டை வண்டியில் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். தோட்டத்தில் காப்பி பறிப்பவள். அன்று குழந்தைக்கு முப்பதாம் நாள், பெயர் வைக்க வேண்டும். அவர்கள் வழக்கத்தில் தாய்மாமன்தான் பிள்ளையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் வேறு யார் வாயிலும் அந்தப் பெயர் வரக் கூடாது. தாய்மாமனோ மன்னாரில் தந்திக் கம்பம் நடும் கூட்டத்தில் இருந்தான். தான் வருவதற்குள் தங்கை கல்யாணத்தை உறவுக்காரர்கள் முடித்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு போனவன். தாயும் தகப்பனும் இல்லாத அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது அந்த அண்ணன் ஒருவன்தான்.

நான் என் இங்கிலீசில் ஒரு தந்தி எழுதினேன். தங்கள் சகோதரிக்குப் பெண் குழந்தை பிறந்துள்ளது, தயவுசெய்து பெயரைத் தெரிவிக்கவும் என்று. அதன் அழகில் நானே மயங்கினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: எந்தப் பெயரானாலும் சம்மதம். அதைச் சொன்னதும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் மேல் என்று நினைத்தேன், ஆனால் என் தந்தியை மறுபடி படித்ததும் குட்டு வெளிப்பட்டது. கோர்ட்டுக் கட்டளை மாதிரி இருந்தது. எந்த மானஸ்தன் அதற்குப் பணிவான்? அண்ணன் எதிரே நின்றால் எப்படிக் கேட்பாய் என்று அவளிடம் கேட்டேன்.

"கொஞ்சம் ஏசுவேனுங்கய்யா."

தாராளமாக ஏசச் சொன்னேன். கம்பியும் சும்மாதான் கிடந்தது. அவள் எழுந்து, மன்னாருக்கே கேட்கட்டும் என்பதுபோல் இயந்திரத்தைப் பார்த்து உரக்கத் தொடங்கினாள்.

"ஏண்ணே, நீ கம்பம் நடப் போனியா, இல்ல நீயே கம்பமாயிட்டியா? ஒன் மருமவ காதத் தொறந்து வச்சுக்கிட்டு ஒனக்காகக் கெடக்கா. நீ சொல்லாம நான் யார்கிட்டப் போயி நிப்பேன்?"

ஒரு சொல் விடாமல் தமிழிலேயே தட்டினேன். என் விரலுக்கு அப்படி ஒரு குஷி அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அந்தப் பக்கத்தில், பதில் கொடுக்க வந்து இன்னும் போகாமல் நின்ற அவனுக்கு மன்னார் நண்பர் அதை வாசித்துக் காட்டினார் போலும். பிறகு அவர் தட்டினார்: ஓம், ஆள் சிரிச்சுக்கொண்டே அழுறார், பொறுங்கோ, பேர் வருது.

அவள் பதறி என்னைத் தடுத்தாள். "நீங்க வாயத் தொறந்துறாதீங்கய்யா. மொதல்ல புள்ள கேக்கட்டும்."

குழந்தையை மேசை மேல் தூக்கி, அதன் காதை இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். டக்டக் என்று பெயர் வந்தது. ஒரு முறை, இரண்டு, மூன்று. பிள்ளை அழவில்லை, கண்ணை உருட்டி உருட்டிக் கேட்டது. நானோ கையால் வாயைப் பொத்திக்கொண்டு, துரை பார்த்தாலும் பரவாயில்லை என்று நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இப்பச் சொல்லுங்கய்யா" என்றாள்.

சொன்னேன். அவள் குழந்தையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"அது எங்க அம்மா பேருங்க" என்றாள்.