ஒன்றேகால் கிலோ

அவன் அன்றைக்கு எடுத்த புள்ளிகளை இப்போதும் தூக்கத்தில் கேட்டால் ஒப்பிப்பேன். முதல் குஸ்தியில் பதினான்கு, இரண்டாவதில் பதினேழு, அரையிறுதியில் பத்தொன்பது. எதிரே நின்ற மூன்று பேரும் சேர்ந்து எடுத்தது மூன்றே மூன்று. கல்லூரிகளுக்கு இடையே நடந்த போட்டிகளில் அப்படி ஓர் ஆட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு குஸ்தி பார்க்கப் போகவேயில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. நானும் அவனும் காஞ்சிபுரத்தில் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, எடையும் கிட்டத்தட்ட ஒன்று. அதுதான் சிக்கல். ஒரு எடைப் பிரிவுக்கு ஒரு கல்லூரியிலிருந்து ஒருவன்தான் இறங்கலாம். அறுபத்திரண்டு கிலோவில் எங்கள் இருவரையும் மோதவிட்டிருந்தால் அவன் என்னைப் பத்து நிமிடத்தில் மூட்டை கட்டியிருப்பான். அது எனக்கும் தெரியும், டிரில் மாஸ்டருக்கும் தெரியும். அவனே முன்வந்தான்.

"நீ சாப்பாட்டு ராமன்பா, உன்னால பட்டினி கெடக்க முடியாது. நான் அம்பத்தேழுக்கு எறங்கறேன். நீ இங்கயே இரு" என்றான்.

இப்படி எனக்கு ஓர் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, அவன் நான்கு நாட்களில் ஐந்து கிலோவை உதற வேண்டியிருந்தது. அதிகப் புள்ளி எடுப்பவனைப் பல்கலைக்கழக அணிக்குத் தேர்ந்தெடுப்பார்கள், அணியில் இருந்தால் ரயில்வேயில் வேலை கிடைக்கும் என்று பேச்சு இருந்தது. அவனுடைய அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர். கொதிக்கிற அண்டாக்களுக்கு நடுவே நின்று நின்று அவருக்கு மூச்சு இழுப்பு வந்துவிட்டது. அவரை அவன் 'நைனா' என்பான். நானும் அப்படியேதான் கூப்பிடுவேன். "வேல கெடச்சா மொதல்ல நைனாவ அந்த ஆவிலேர்ந்து வெளிய இட்டுக்கினு வந்துடுவேன்" என்று அடிக்கடி சொல்வான். அவனுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கடைசியில் அதே ஆவியில்தான் அவன் எடையைக் குறைத்தான். அண்டாக்கள் கொதிக்கும்போது இரண்டு கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்துவிடுவான். நனைத்த நூல் காயக் காய எடை இறங்குவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவன். உடம்பும் அப்படித்தானே என்பது அவன் கணக்கு. தாகம் எடுத்தால் ஈரத் துணியை உதட்டில் ஒற்றிக்கொள்வான், அவ்வளவுதான்.

எடை பார்ப்பது எங்கள் கடையில். கல்லூரியில் எடை மெஷின் கிடையாது. போட்டியன்று காலையில் வாலாஜாபாத் அரிசி ஆலையிலிருந்து ஒன்றை வண்டியில் கொண்டுவருவார்கள். எங்கள் அப்பா விறகுத் தொட்டி வைத்திருந்தார். சவுக்குக் கட்டையைப் பிளந்து எடைபோட்டு விற்கிற கடை. ஆள் உட்காருகிற அளவுக்குப் பலகைத் தட்டுகள் சங்கிலியில் தொங்கும் பெரிய தராசு அங்கே இருந்தது. சாயப்பட்டறைகளுக்கெல்லாம் எங்கள் விறகுதான். நைனா எங்களிடம் வாங்க ஆரம்பித்து இருபது வருஷம் ஆகியிருந்தது.

அந்தத் தராசைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் தெரியும். விறகு வைக்கிற தட்டின் அடியில் ஒன்றேகால் கிலோ ஈயக்கட்டி அடித்திருந்தது. எதிர்த்தட்டில் எப்போதும் கற்கள் கிடப்பதால் தட்டின் சாய்வு வெளியே தெரியாது. சின்ன வயதில் தட்டுக்கு அடியில் படுத்து விளையாடும்போது கண்டுபிடித்தேன். "பச்சை மரமா வாங்கறோம், இங்க கெடந்து காஞ்சி எடை போவுது. அந்த நஷ்டத்த யாரு குடுப்பா? வெளிய வாயத் தொறக்காத" என்றார் அப்பா. நான் திறக்கவில்லை. அப்பா மற்ற விஷயங்களில் நல்லவர். நான் எவ்வளவு நல்லவன் என்பதுதான் இந்தக் கதை.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் விறகுத் தட்டில் ஏறி உட்கார்ந்தான். கன்னம் ஒட்டி, உதடு வெடித்திருந்தது. எதிர்த்தட்டில் எடைக்கற்களை ஏற்றினேன். ஐம்பத்தெட்டு கிலோ கல்லுக்கு முள் நேராக நின்றது.

ஈயத்தைக் கழித்தால் ஐம்பத்தாறே முக்கால். அவன் ஏற்கெனவே ஜெயித்துவிட்டான். ஒரு டம்ளர் கஞ்சி குடித்துவிட்டு வீட்டில் போய்ப் படுக்கலாம்.

"இன்னும் ஒரு கிலோ இருக்குதாபா?" என்று கேட்டான்.

ஐந்தடி தூரத்தில் அப்பா மேஜையில் இருந்தார். மறுநாள் விறகுக்குச் சொல்லிவிட்டுப் போக வந்த நைனாவும் அங்கேதான் நின்று மகனைக் கவலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தராசில் ஈயம் இருக்கிறது என்று சொன்னால் இருபது வருஷமாக அந்த மனிதரை ஏமாற்றியதும் சேர்ந்து வெளியே வரும். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஒரு கிலோதானே, எமகாதகன் அவன், தாங்குவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"ஆமா. இன்னும் ஒரு கிலோ" என்றேன்.

அவன் இறங்கி மறுபடி அடுப்போரம் போனான். பின்னாலேயே ஓடி, வழியில் நிறுத்தி, ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லிக்கூடத் தடுத்திருக்கலாம். வேறு தராசில் பார்க்கலாம் வாடா என்று இழுத்துப் போயிருக்கலாம். அன்று எனக்கு எதுவும் தோன்றவில்லை என்று சொல்ல ஆசைதான். தோன்றியது.

காலையில் ஆலை மெஷினில் ஏறினான். ஐம்பத்தைந்தே முக்கால்.

"ஏம்பா இவ்ளோ கீழ போன? ஒண்ணேகால் கிலோ மிச்சம் கெடக்குது!" என்றார் மாஸ்டர்.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "உங்க தராசு கெட்டுப் போயிருக்குதுபா. அப்பாகிட்ட சொல்லி ரிப்பேர் பண்ணச் சொல்லு, பாவம் அவருக்கு நஷ்டமாவப் போவுது."

ஒரு சொம்பு தண்ணீர் குடித்தான். குடித்ததை அப்படியே வாந்தி எடுத்தான். அதற்குள் அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பிறகு நடந்ததைத்தான் ஊரே வருஷக்கணக்கில் பேசியது. எதிராளியை மல்லாத்திவிட்டால் குஸ்தி முடிந்துவிடும், புள்ளி ஏறாது. அதனால் அவன் மல்லாத்தவில்லை. தூக்கிப் போடுவான், புரட்டுவான், விடுவான், எழுந்ததும் மறுபடி காலைப் பிடிப்பான். கூட்டம் எண்ண ஆரம்பித்தது. என் பிரிவில் முதல் சுற்றிலேயே தோற்றிருந்த நானும் ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தி எண்ணினேன். அப்படி எண்ணியதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

இறுதிக் குஸ்தி நல்ல வெயிலில் நடந்தது. பன்னிரண்டுக்கு ஒன்று என்று இருந்தபோது இடைவேளை விட்டார்கள். முதுகைத் துடைக்கத் துண்டோடு போனேன். துடைக்க எதுவும் இல்லை. சித்திரை வெயிலில் மூன்று குஸ்தி ஆடியவன் உடம்பில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. தோல் மட்டும் அடுப்புச் சுவர் மாதிரி கொதித்தது. "போதும், விட்டுடு" என்றேன்.

"இன்னும் எட்டு எடுத்தா இருவதுபா" என்றான். நாக்கு குழறியது.

எழுந்து நடுவே போனான். எதிராளி அவனைத் தொடவேயில்லை. நின்ற இடத்தில் கால் மடங்கி விழுந்தான். விசில் ஊதினார்கள். கூட்டத்தில் சிலர் அதுவும் ஏதோ பிடி என்று நினைத்துக் கைதட்டினார்கள். முதலில் அவனைத் தூக்கியது அந்த எதிராளிப் பையன்தான்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தான். சிறுநீர் பிரியவேயில்லை. உடம்பில் தண்ணீரே இல்லாமல் எப்படி ஆடவிட்டீர்கள் என்று டாக்டர் மாஸ்டரைத் திட்டினார். நான் கதவோரம் நின்றிருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் அவன் போய்விட்டான்.

சிதைக்கு விறகும் எங்களிடம்தானே வாங்க வேண்டும். அவன் சித்தப்பா வண்டியோடு வந்தார். அவர் வருவதற்குள் நான் தட்டுக்கு அடியில் படுத்து ஈயத்தைப் பிடுங்கி எடுத்திருந்தேன். முதல் கட்டையை வைத்ததுமே தட்டு லேசாக இருப்பது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். சரியாக எடைபோட்டு ஏற்றிவிட்டு, "காசு வேணாம், எடுத்துக்கினு போங்க" என்றார்.

காரியம் எல்லாம் முடிந்து நைனா பட்டறைக்கு விறகு வாங்க வந்தார். அதற்கு முந்தின நாளே ஈயம் மறுபடி அதன் இடத்துக்குப் போயிருந்தது. அப்பா அடித்தபோது நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விறகை ஏற்றியதும் நைனா முள்ளைப் பார்த்தார். கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. என் பக்கம் திரும்பினார்.

"நீ பாத்துச் சொல்லுபா. சரியா இருக்குதா?"

"சரியா இருக்குது நைனா" என்றேன்.